வீட்டு அறைக்குள் செங்கோட்டை–புனலூர் மலைப்பாதை: என்-ஸ்கேல் மாடல் ரயில் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்காசி, செங்கோட்டை, புளியரைப் பக்கம் உள்ளவர்களும், மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை, புனலூரில் இருக்கும் நம்மவர்களும் என் வீட்டுக்கு வந்து லேஅவுட்டை (பாதை, மலை, ஸ்டேஷன் எல்லாம் சேர்ந்த மாடல் அமைப்பை) பார்த்துவிட்டுக் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றுக்கான பதில்கள் இவை. வரிசைப்படி படிக்க வேண்டும் என்று இல்லை, உங்களுக்கு வேண்டியதிலிருந்து தொடங்கலாம்.

என்-ஸ்கேல் என்றால் எவ்வளவு சின்னது?

அசலில் 160-இல் ஒரு பங்கு. தண்டவாளங்களுக்கு நடுவில் 9 மி.மீ. இடைவெளி. ஜெர்மனியின் ஆர்னால்ட் கம்பெனி 1960-களின் தொடக்கத்தில் இதைக் கடைக்குக் கொண்டு வந்தது, 1965-இல் ஜப்பானின் காட்டோ தன் முதல் என்-ஸ்கேல் எஞ்சினை வெளியிட்டது. பிரிட்டிஷ் மாடல்கள் 148-இல் ஒன்று, ஜப்பானின் பழைய குறுகிய பாதை வண்டிகள் 150-இல் ஒன்று என்று சின்னச் சின்ன வித்தியாசம் உண்டு, ஆனால் எல்லாமே ஓடுவது அதே 9 மி.மீ. பாதையில்தான்.

நம் கணக்கில் சொன்னால், சென்னை ஐசிஎஃப் தொழிற்சாலையின் ஒரு பயணிகள் பெட்டி பஃபரோடு சேர்த்து 22.3 மீட்டர், அது இங்கே 14 செ.மீ. ஆகிவிடும். எஞ்சினோடு 14 பெட்டி கோத்தால் இரண்டு மீட்டரைச் சற்றே தாண்டும். அதே வண்டியை 87-இல் ஒன்றான ஹெச்ஓ ஸ்கேலில் கோத்தால் பெட்டிகள் மட்டுமே மூன்றரை மீட்டருக்கு மேல் போய்விடும், ஒரு சாதாரண வீட்டு அறையின் சுவர் முழுக்க ரயில்தான் நிற்கும், ஊர் இருக்காது.

அப்படியானால் ஒரே அறையில் நான்கு ஸ்டேஷன், லோகோ ஷெட், துறைமுகம் எல்லாம் வைத்துவிடலாமே?

வைக்கலாம், வைக்காதீர்கள் என்பதுதான் என் கருத்து. சின்ன ஸ்கேலை எடுப்பதன் முழுப் பலனும் தூரத்தில் இருக்கிறது. நம் ஊரில் ரயிலைப் பார்க்கிற அழகே அது மலைக்கு முன்னால் சின்னதாகத் தெரிவதுதான். பகவதிபுரம் தாண்டியதும் வண்டி எங்கோ மேலே மரங்களுக்கு நடுவே தலைகாட்டும், அப்புறம் மறையும், சத்தம் மட்டும் கேட்கும், மறுபடி வேறொரு வளைவில் தெரியும். அந்த இடைவெளியை அறைக்குள் கொண்டுவர முடிவது என்-ஸ்கேல் போன்ற சின்ன ஸ்கேலில்தான். மிச்சமான இடத்தையெல்லாம் தண்டவாளத்தால் நிரப்பிவிட்டால் அது ஹெச்ஓவில் நெருக்கடியாகக் கட்டியதற்குச் சமம்தான், சாமான் மட்டும் சிறியது.

செங்கோட்டையிலிருந்து புனலூர் வரை 49 கிலோமீட்டர். அளவு மாறாமல் செய்தால் என்-ஸ்கேலிலும் 300 மீட்டருக்கு மேல் வரும், யார் வீட்டிலும் இடம் இல்லை. ஆகவே எதை விடுவது என்பதுதான் முதல் முடிவு. ஒரு ஸ்டேஷன், ஒரு குகை, ஒரு பாலம், நடுவே நிறைய மலை. 12-க்கு 10 அடி அறைக்கு இது தாராளமாகப் போதும்.

மீட்டர்கேஜா பிராட்கேஜா, எதைச் செய்வது?

மனசைப் போட்டுக் குழப்பும் கேள்வி இதுதான். இந்தப் பாதை 1904-இல் மீட்டர்கேஜாகத் திறக்கப்பட்டது, செங்கோட்டையே அப்போது திருவிதாங்கூரில் இருந்தது, 1956-இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. புனலூர்–செங்கோட்டைப் பகுதியில் மீட்டர்கேஜ் வண்டி 2010-இல் நின்றது, பிராட்கேஜ் வேலை முடிந்து 2018-இல் பாதை முழுவதும் மறுபடி திறந்தது. எனவே உங்கள் வயதைப் பொறுத்து உங்கள் ரயில் மாறும்.

தொழில்நுட்பக் கணக்கு இப்படி. பிராட்கேஜ் 1676 மி.மீ., அதை 160-ஆல் வகுத்தால் 10.5 மி.மீ. நாம் 9 மி.மீ. பாதையில்தான் ஓட்டப்போகிறோம், ஆக ஒன்றரை மி.மீ. குறைகிறது. நேர் எதிரே நின்று எஞ்சினின் முகத்தைப் பார்த்தால் தெரியும், பக்கவாட்டில் தெரியவே தெரியாது. மீட்டர்கேஜுக்கு 9 மி.மீ. மிக அகலம். அதற்கு என்-ஸ்கேலைவிடச் சிறிய இசட்-ஸ்கேலின் 6.5 மி.மீ. பாதையை எடுத்துக்கொண்டு, மேலே 160-இல் ஒன்று அளவில் உடலைக் கட்டுவார்கள். 6.5-ஐ 160-ஆல் பெருக்கினால் 1040, மீட்டருக்கு எவ்வளவு பக்கம் பாருங்கள். ஐரோப்பாவில் சுவிஸ் மலைப்பாதைகளை இப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் இசட் எஞ்சின் அடிப்பாகங்கள் விலை அதிகம், இழுக்கும் பலம் குறைவு, ஒய்டிஎம்-4 டீசலுக்கு வேண்டிய ஆறு சக்கர போகிக்கு (எஞ்சினுக்கு அடியில் திரும்பும் சக்கரச் சட்டத்துக்கு) நிறையத் தேட வேண்டும்.

முதல் லேஅவுட் என்றால் பிராட்கேஜ் செய்யுங்கள். மீட்டர்கேஜ்மீது தீராத ஆசை இருந்தால் ஸ்டேஷன் ஓரத்தில் பிடுங்கிப் போட்ட பழைய மீட்டர்கேஜ் தண்டவாள அடுக்கு ஒன்றை வைக்கலாம், இந்தப் பாதையை அறிந்தவர்கள் அதைப் பார்த்ததுமே புரிந்துகொள்வார்கள்.

பலகை எதில் செய்வது? எங்கள் பக்கம் சாரல், கரையான் இரண்டும் உண்டு.

மரம் செங்கோட்டையில் மலிவாகக் கிடைக்கும், அறுவை மில்லுக்குப் பஞ்சமில்லை, அதனால் எல்லோரும் முதலில் ஆசாரியிடம் போய் மரச்சட்டம் சொல்லிவிடுகிறார்கள். நான் சட்டத்துக்கு மரம் வேண்டாம் என்பேன். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை கணவாய் வழியாக வரும் ஈரக்காற்றில் மரம் உப்பும், பங்குனி சித்திரையில் சுருங்கும், மேலே ஒட்டிய தண்டவாளம் இந்த இழுப்பில் நெளிந்துவிடும். தண்டவாள உலோகம் வெயிலுக்கு நீள்வது குறைவுதான். ஆறு மீட்டர் நீளத்தில் 15 டிகிரி ஏறினால் ஒன்றரை மி.மீ. நீளும், அவ்வளவே. மரம் ஈரத்துக்கு அசைவதுதான் பெரிய தொந்தரவு.

வெல்டிங் பட்டறையில் ஒரு இன்ச் சதுரக் குழாயில் சட்டம் அடித்துக்கொள்ளுங்கள். மேலே 12 மி.மீ. மரைன் ப்ளைவுட், அடிப்பக்கமும் விளிம்புகளும் உட்பட எல்லாப் பக்கமும் இரண்டு கை வார்னிஷ். அடிப்பக்கத்தை விட்டுவிட்டு மேலே மட்டும் பூசினால் பலகை ஒரு பக்கமாக வளையும். கால்கள் தரையைத் தொடும் இடத்தில் ரப்பர் குமிழ், சுவரிலிருந்து இரண்டு விரல் இடைவெளி. கரையான் பெரும்பாலும் சுவர் வழியாகத்தான் ஏறும், ஆகையால் அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரிய வேண்டும், மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

தண்டவாள இணைப்புகளில் நீண்ட நேர்பாதைகளில் அரை மி.மீ. இடைவெளி விடுங்கள். வளைவில் உள்ள இணைப்பை மட்டும் ஈயம் வைத்துப் பற்றவையுங்கள், இல்லையென்றால் அங்கே முனை மடங்கி நிற்கும், வண்டி அங்கேதான் தடம் புரளும்.

அகலம், உயரம்?

கை எட்டும் தூரம்தான் அகலம். 60 செ.மீ. நல்லது, 75-க்கு மேல் போகாதீர்கள். உயரம் நின்றால் நெஞ்சு மட்டம். மலையைக் கண் மட்டத்தில் பார்த்தால்தான் மலை.

வளைவு எவ்வளவு இருக்க வேண்டும்? கடையில் விற்கிற வளைவுத் துண்டுகளைப் போட்டால் ஆகாதா?

காட்டோ யூனிட்ராக்கில் 249, 282, 315 மி.மீ. ஆரம் கொண்ட துண்டுகள் கிடைக்கும், பெக்கோ செட்ராக்கில் இன்னும் சிறிய 228 கூட உண்டு. வண்டி அவற்றில் ஓடும். ஆனால் நம் 14 செ.மீ. பெட்டி 249-இல் திரும்பும்போது பெட்டியின் நடு வயிறு உள்ளே இழுத்து, முனைகள் வெளியே துருத்திக்கொண்டு பார்க்கச் சகிக்காது. பெட்டி நீளத்தைப் போல மூன்று மடங்கு ஆரம் என்று வைத்துக்கொண்டால் 42 செ.மீ. வரும், கண்ணுக்குத் தெரியும் இடங்களில் அதற்குக் கீழே போகாதீர்கள். குகைக்குள் 32 வரை இறங்கலாம்.

அசலோடு ஒப்பிட்டால் இதுவும் கடுமையான வளைவுதான். பிராட்கேஜில் 10 டிகிரி வளைவு என்றால் 175 மீட்டர் ஆரம், என்-ஸ்கேலில் அது 1.09 மீட்டர். ஒரே ஓர் இடத்தில், பாலத்துக்கு முன்னாலோ பின்னாலோ, ஒரு மீட்டருக்கு மேல் ஆரமுள்ள வளைவு ஒன்று வைத்துப் பாருங்கள். மொத்த லேஅவுட்டிலும் வருபவர்கள் நின்று பார்க்கும் இடம் அதுவாகத்தான் இருக்கும். இதற்கு பெக்கோவின் 914 மி.மீ. நீளமுள்ள வளையும் பாதை வேண்டும், துண்டுப் பாதையில் வராது.

மலைப்பாதை என்றால் ஏற்றம் வேண்டுமே. எவ்வளவு ஏற்றலாம்?

மீட்டருக்கு 2 செ.மீ., அதாவது 2 சதவீதம். அதற்கு மேல் போனால் என்-ஸ்கேல் எஞ்சின் சக்கரம் சுழன்றுகொண்டு நின்ற இடத்திலேயே நிற்கும், எடை குறைவு என்பதால். வளைவு இருந்தால் அதுவே கூடுதல் ஏற்றம் போலத்தான், அங்கே 1.5-க்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இந்த 2 செ.மீ. கணக்குத்தான் நிறையத் திட்டங்களைக் கவிழ்க்கிறது. ஒரு பாதை மற்றொன்றின் மேலே கடக்க, பலகையின் தடிமனோடு சேர்த்து 5 செ.மீ. வேண்டும், அதற்கே இரண்டரை மீட்டர் ஓட வேண்டும். 40 செ.மீ. ஆரத்தில் சுருள்பாதை போட்டால் ஒரு சுற்று சரியாக இரண்டரை மீட்டர், வளைவுக்குக் குறைக்காமல் 2 சதவீதத்திலேயே விட்டாலும் ஒரு சுற்றுக்கு 5 செ.மீ.தான் ஏறும், 30 செ.மீ. ஏற ஆறு சுற்று. வண்டி அதற்குள் போனால் பல நிமிடங்கள் கண்ணில் படாது. ஒற்றை அறையில் சுருள்பாதை வேண்டாம் என்பேன். பாதையை ஏற்றுவதைவிடத் தரையை இறக்குங்கள். தண்டவாளம் கிட்டத்தட்ட மட்டமாகவே போகட்டும், ஒரு பக்கம் பள்ளத்தாக்கு கீழே இறங்கட்டும், மறுபக்கம் பாறை மேலே எழட்டும், பார்க்கிறவருக்கு வண்டி மலை ஏறுவது போலவே இருக்கும்.

பின்னால் தள்ளும் எஞ்சின் வைக்கலாமா அண்ணாச்சி? சின்ன வயசில் பார்த்திருக்கேன்.

தாராளமாக. இந்த மலைப்பாதையின் அடையாளமே அதுதானே. ஆனால் முன் எஞ்சினும் பின் எஞ்சினும் ஒரே வேகத்தில் போகவில்லை என்றால் நடுவில் இருக்கும் லேசான பெட்டி வளைவில் பிதுங்கி விழும். டிசிசி (எஞ்சின்களைத் தனித்தனியாக ஓட்டும் டிஜிட்டல் முறை, அடுத்த கேள்வியில் வருகிறது) டீகோடரில் சிவி எனப்படும் அமைப்பு எண்களில் 2, 5, 6 ஆகிய மூன்றையும் (தொடக்க, உச்ச, நடு வேகம்) மாற்றி, இரண்டு எஞ்சினையும் கோக்காமல் ஓர் அடி இடைவெளியில் ஓடவிட்டு, இடைவெளி மாறாத வரை சரிசெய்யுங்கள். அப்புறம் கோத்துப் பாருங்கள். பெட்டிகளில் எடையும் சமமாக இருக்க வேண்டும்.

டிசிசி அவசியமா? சாதாரண 12 வோல்ட் போதாதா?

ஒரே வண்டி என்றால் போதும். பெரிய லேஅவுட் என்றால் டிசிசி. சாதாரண முறையில் பாதையில் எவ்வளவு மின்சாரம் விடுகிறோமோ அதுதான் வேகம், பாதையில் நிற்கும் எல்லா எஞ்சினும் சேர்ந்தே ஓடும். டிசிசியில் பாதையில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும், கட்டளையும் அதே மின்சாரத்தோடு சேர்ந்தே போகும், ஒவ்வோர் எஞ்சினுக்குள்ளும் இருக்கும் டீகோடர் தனக்கு வந்த கட்டளையை மட்டும் கேட்கும். கிராஸிங்குக்காக லூப் லைனில் (ஸ்டேஷனில் பிரிந்து மறுபடி சேரும் பக்கப் பாதையில்) ஒரு வண்டி காத்து நிற்க, எதிர்வண்டி மெயினில் வந்து சேருவதுதான் ஒற்றைப் பாதையின் நாடகம், அதை நிம்மதியாக நடத்த இது வேண்டும்.

கட்டுப்பாட்டுப் பெட்டி வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியும் கூரியரும் சேர்ந்து கையைக் கடிக்கும். ஆர்டுயினோ மெகா என்ற சின்ன எலக்ட்ரானிக் போர்டும் ஒரு மோட்டார் ஷீல்டும் ஒரு வைஃபை போர்டும் வாங்கி டிசிசி-இஎக்ஸ் என்ற இலவச மென்பொருளை ஏற்றிக்கொண்டால் செல்போனிலிருந்தே ஓட்டலாம். கல்லூரியில் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

வயரிங்கில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. பலகைக்கு அடியில் 2.5 சதுர மி.மீ. வயர் இரண்டு, முழு நீளத்துக்கும். அதிலிருந்து மீட்டருக்கு ஒருமுறை மெல்லிய வயரால் தண்டவாளத்துக்கு இணைப்பு, சிவப்பு எப்போதும் சுவர்ப்பக்கம், கறுப்பு எப்போதும் நம் பக்கம். முடித்ததும் ஒரு ரூபாய்க் காசை எடுத்துப் பாதையில் ஒவ்வோர் அடிக்கும் குறுக்கே வையுங்கள். எங்கே வைத்தாலும் கட்டுப்பாட்டுப் பெட்டி உடனே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். துண்டிக்காத இடம் இருந்தால் அங்கே இணைப்பு போதவில்லை, வண்டி தடம் புரண்டால் எஞ்சின் அடிப்பாகம் அங்கே உருகிவிடும். 230 வோல்ட் எதுவும் பலகைக்கு அடியில் போகவே கூடாது, அடாப்டர் சுவரிலேயே இருக்கட்டும்.

நம் ஊர் எஞ்சினும் பெட்டியும் எங்கே கிடைக்கும்?

என்-ஸ்கேலில் இந்திய வண்டிகள் கடைக்குப் போய் எடுத்துக்கொள்கிற மாதிரி கிடைப்பதில்லை. ஜப்பானிய அல்லது அமெரிக்க எஞ்சினின் அடிப்பாகத்தை வாங்கி, மேலே 3டி பிரிண்ட் செய்த உடலைப் பொருத்துவதுதான் வழக்கம். அடிப்பாகத்தை முதலில் வாங்கி, போகிகளின் இடைவெளியை அளந்து, அப்புறம் உடலை வரையுங்கள். உடலை பிரிண்ட் செய்ய ரெசின் பிரிண்டர்தான் சரி, இழை பிரிண்டரில் வரும் வரிகள் இந்த அளவில் படிக்கட்டு மாதிரி தெரியும்.

கழுதுருட்டி 13 கண் பாலத்தை எப்படிச் செய்வது?

இந்தக் கேள்விக்காகவே மற்றதெல்லாம் எழுதலாம். தேசிய நெடுஞ்சாலை 744-இல் தென்மலை போகிறவர்கள் எல்லோரும் வண்டியை நிறுத்திப் பார்க்கும் கல் பாலம், நூறு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும் நீளம். பிராட்கேஜ் ஆக்கியபோதும் இடிக்காமல் பலப்படுத்தி வைத்துக்கொண்டார்கள். என்-ஸ்கேலில் அது 64 செ.மீ. வரும். இதை மட்டும் சுருக்காமல் முழு அளவில் செய்யுங்கள். ஒரு கண்ணுக்குத் தூணோடு சேர்த்து 5 செ.மீ. கிட்ட. கண்களைப் பத்தாகக் குறைத்தால் நம் பக்கத்துப் பிள்ளைகள்கூட எண்ணிப் பார்த்துக் கேட்பார்கள்.

நேரில் போய் ரோட்டிலிருந்து நேர் எதிராக நின்று படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்தி, உயரத்துக்கு அளவு கிடைக்கும். ஃப்ளெக்ஸ் போர்டு அடிக்கும் கடைகளில் 5 மி.மீ. சன்போர்டும் (லேசான நுரைப் பலகை) சிஎன்சி வெட்டும் வசதியும் இருக்கும், முன்முகம் பின்முகம் இரண்டும் ஒரே வரைபடத்தில் வெட்டிவிடுவார்கள். நடுவில் பாதையின் அகலத்துக்குச் சட்டங்கள், கண்ணின் உள்வளைவுக்கு மெல்லிய ஓஹெச்பி ஷீட்டை வளைத்து ஒட்டினால் போதும்.

அப்புறம்தான் பொறுமை. கல் வரிகளை மழுங்கிய பால்பாயின்ட் முனையால் அழுத்தி வரையுங்கள், ஒரே அளவில் வேண்டாம், தூணில் பெரிய கல், கண்ணைச் சுற்றி ஆப்பு வடிவக் கல். முழுக்கச் சாம்பல் பூசி, காய்ந்ததும் நீர்த்த கறுப்பைத் தடவித் துடைத்தால் வரிகளுக்குள் மட்டும் கறுப்பு நிற்கும். நீர் வடியும் பக்கங்களில் மேலிருந்து கீழாக மங்கிய பச்சை. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்குப் பின் போய்ப் பார்த்தால் எந்தத் தூணில் பாசி எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று தெரியும். பாசி எல்லாத் தூணிலும் ஒரே மாதிரி இல்லை, அதை அப்படியே செய்யுங்கள்.

ஜல்லி, மரம், புல்?

எம்-சாண்ட் போதும். டீ வடிகட்டியில் சலித்துப் பெரியதை எடுத்துவிட்டு, மல்துணியில் சலித்து மாவை உதிர்த்துவிட்டால் நடுவில் மிஞ்சுவது அரை மி.மீ. அளவு, அதுதான் அசல் ஜல்லிக்குக் கிட்டத்தட்டச் சரி. காந்தத்தை அதன் மேல் ஓட்டி இரும்புத்தூளை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எஞ்சின் மோட்டார் அதை இழுத்துக்கொள்ளும். ஃபெவிகால் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு, சொட்டு மருந்துக் குப்பியால் விடவும்.

ரப்பர் தோட்டம் அவசியம், தென்மலை தாண்டினால் அதுதானே ஊர். அசல் மரம் 20 மீட்டர் என்றால் இங்கே 12 செ.மீ. வரும், 8 செ.மீ. செய்தால் மலை பெரிதாகத் தெரியும். வரிசை பிசகாமல், தண்டு நேராக, ஒவ்வொரு தண்டிலும் பால் வெட்டின வெளிர் கோடும் ஒரு கறுப்புச் சிரட்டைப் புள்ளியும். காட்டுக்கு நேர்மாறு, ஒழுங்கே கூடாது. புளியரைப் பக்கம் தட்டையான வயல், மலை ஏறியதும் காடு, அப்புறம் ரப்பர்: இந்த மூன்று நிறமும் மாறினாலே எல்லை தாண்டியது போல ஆகிவிடும், போர்டு வைக்க வேண்டியதில்லை.

காய்ந்த டீத்தூளும் மரத்தூளும் நல்ல மண், ஆனால் சாரலில் பூஞ்சை பிடிக்கும். வெறும் வாணலியில் நன்றாக வறுத்து, ஒட்டிய பின் மேலே மேட் வார்னிஷ் தெளித்தால் நிற்கும்.

வண்டி அடிக்கடி நின்று நின்று போகிறது.

பாதை அழுக்கு. என்-ஸ்கேல் எஞ்சின் எடை குறைவு, கொஞ்சம் கறுப்புப் படிந்தாலும் மின்சாரம் வராது. ஐசோபுரப்பைல் ஆல்கஹால் நனைத்த பருத்தித் துணியால் துடையுங்கள், சக்கரங்களையும். உப்புத்தாள் தேய்க்காதீர்கள், அதில் விழும் கீறலில்தான் அடுத்த அழுக்கு தங்கும். சாரல் மாதங்களில் வாரம் இருமுறையாவது ஓட்டுங்கள், ஓடாமல் கிடக்கும் பாதைதான் சீக்கிரம் கறுக்கும்.

எவ்வளவு வேகத்தில் ஓட்டுவது?

மெதுவாக. மலைப்பாதையில் மணிக்கு 30 கிலோமீட்டர் என்று வைத்தால், என்-ஸ்கேலில் நொடிக்கு 5 செ.மீ., ஒரு மீட்டருக்கு 19 நொடி. தரையில் இரண்டு அடையாளம் வைத்து வாட்சில் பாருங்கள், முதலில் தாங்க முடியாத மெதுவாகத் தோன்றும். அறையைச் சுற்றி 15 மீட்டர் பாதை இருந்தால் ஸ்டேஷனை விட்ட வண்டி திரும்பி வர ஐந்து நிமிடம் ஆகும், அதுவே பாய்ந்தால் அரை நிமிடம். இடம் போதவில்லை என்று சொல்கிற பலருக்கு உண்மையில் வேகம்தான் கூடுதல்.

எதிலிருந்து தொடங்குவது?

பாலத்திலிருந்து. ஒரு மீட்டர் பலகையில் பாலமும் இரு பக்கமும் கொஞ்சம் மலையும், சட்டம், வயரிங், ஜல்லி, பாசி வரை முழுசாக முடியுங்கள். இரு முனையிலும் பாதையைப் பலகையின் விளிம்புவரை நேராகக் கொண்டுவந்து, விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் நிறுத்துங்கள், அடுத்த பலகை எப்போது வந்தாலும் போல்ட் போட்டு இணைத்துவிடலாம். அடுத்தது குகையும் அதற்குப் பின்னால் வண்டிகள் மறைந்து நிற்கும் யார்டும், ஒவ்வொரு லைனும் இரண்டேகால் மீட்டர். ஸ்டேஷனைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், பாதை பிரியும் பாயின்ட்டுகள் எல்லாம் அங்கேதான், அதற்குள் கை பழகியிருக்கும்.